மெழுகு பிரியாத சீசாவுடன் பென்னாகரம் வரை

காலை ஆறே கால் மணிக்குக் கம்பைநல்லூரிலிருந்து தருமபுரி போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். கூட வந்தவள் என் பத்து மாத மகள் ஸ்டெல்லா மட்டும். தோளில் தொங்கிய துணிப்பையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பிளாஸ்க், குழந்தைக்கு ஆறு துணிகள், புகட்டுவதற்குப் பாலாடை, நான்கு இட்லி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னச் சீசா. போய்ச் சேர வேண்டிய இடம் பென்னாகரத்துக்கு அப்பால் ஒகேனக்கல் சாலையில் இருந்தது. அந்தச் சாலையில் எல்லாரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஓர் ஆயாவிடம் ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

நடத்துனர் தொண்ணூறு காசுக்கு டிக்கெட் கிழித்தார். பதினேழு மைல் என்றார். சாலையோரத்தில் புதிதாக நட்டிருக்கும் கிலோமீட்டர் கற்களை எண்ணி மைலாக்கிப் பார்த்தேன். ஏறக்குறையச் சரியாகத்தான் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஈரக் காற்று குழந்தைக்கு ஆகாதோ என்று உள்ளே நகர்ந்தேன். பக்கத்தில் சுருட்டு வாசனையோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஜன்னலுக்கே வந்தேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. கேழ்வரகுக் கொல்லைகளில் கதிர்கள் தலை கவிழ்ந்து நின்றன. இடப்பக்கம் தூரத்தில் வத்தல்மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. பார்க்க அழகாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுருட்டுக்காரர் என் பையையே பார்க்கிறாரா என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவர் பென்னாகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எனக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. பிரசவ விடுதிக்குக் கொண்டுபோனபோது நர்ஸம்மா வேறொரு கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். ஹாஜிரா என்ற ஆயா மட்டும் இருந்தார். ஆண் குழந்தை. முக்கால் மணி நேரம் உயிரோடு இருந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு ஜன்னி கண்டுவிட்டதால் ஒன்றும் நினைவில்லை. மறுநாள் எங்கள் மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என் கணவரிடம், ஆயா தண்ணீர் ஊற்றிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாராம். ஞானஸ்நானம் பெறாதவர்களை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள்; அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவனைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு உள்ளே அடக்கம் செய்தார்கள்.

எங்கள் வேதத்தைச் சேராத வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். உயிர் போகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் எந்த மதமானாலும் சரி, தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, திருச்சபை நினைப்பதையே தானும் நினைத்துச் செய்தால் அது செல்லும். இதை ஞானோபதேச வகுப்பில் படித்தேன். அது கிடைக்காமல் இறந்த குழந்தைகள் ஆண்டவருடைய முகத்தைக் காணாமல் வேறோர் இடத்தில் இருக்கும் என்பதையும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். இப்போது பூசை தமிழில் நடக்கிறது, பல விஷயங்கள் மாறிவிட்டன என்கிறார்கள். படித்தது எனக்கு மாறவில்லை.

சீசாவுக்கு வருகிறேன். அந்தப் பிரசவத்துக்கென்று என் மாமியார் முன்கூட்டியே கோயிலில் மந்திரித்த தீர்த்தம் வாங்கி, சீசாவின் வாயை மெழுகால் அடைத்து அனுப்பியிருந்தார். அந்தத் தீர்த்தத்தைத்தான் என் மகன் தலையில் ஊற்றியிருப்பார்கள் என்று மூன்று ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாளுக்கு முன் டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தச் சீசா கிடைத்தது. மெழுகு பிரியவே இல்லை.

என் பெரிய நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, உபதேசியார் இரக்கப்பட்டு ஏதாவது சொல்லியிருப்பார், பெத்தவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு, என்றாள். உபதேசியார் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். சுவாமியாரைக் கேட்டேன். தீர்த்தம் அவசியமில்லை, எந்தத் தண்ணீரும் போதும், விசுவாசமாயிரு என்றார். கணவரைக் கேட்டேன். இப்போ எதுக்கும்மா அது, என்றார். ஆறுதல் சொல்லுகிறவர்கள் எல்லார் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வருகிறவர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவன் வேலிக்கு உள்ளே இருக்க உரிமை உள்ளவனா என்று தெரியாமல் இந்த வருஷம் மெழுகுவர்த்தி ஏற்ற என்னால் முடியாது.

கணவருக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் வகுப்பு. தனியாகப் போகிறாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தார். மாமியாரிடம், கூடப் படித்த தோழியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அது பொய். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவற்றில் அன்றைய முதல் கணக்கு அது.

ஏழே முக்காலுக்குத் தருமபுரி. பஸ் நிலையத்தில் பென்னாகரம் வண்டி எது என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே வண்டியைக் காட்டியும், ஏறின பிறகு டிரைவரையும் கேட்டேன். "போர்டு போட்டிருக்குதுங்களே. படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க," என்றார் அவர். வாஸ்தவம்தான்.

எட்டு இருபதுக்கு வண்டி கிளம்பியது. இருபது மைல், ஒரு ரூபாய் ஐந்து காசு. பக்கத்தில் கூடையோடு ஓர் அம்மாள். கூடைக்குள் கால் கட்டிய சேவல் ஒன்று. இண்டூர் வரைக்கும் அவர் ஸ்டெல்லாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். அந்த விரல் சேவலையும் தொட்ட விரல். முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தேன். அவருக்குத் தெரியாமல் துடைத்ததாக நினைத்தேன்.

"தொடைங்க, தொடைங்க. சேவ வாசன போவணுமில்ல," என்று சிரித்தார். பிறகு, "மொத புள்ளைங்களா?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

சொல்லி முடித்ததும் இராயப்பர் நினைவு வந்தது. ஆண்டவரின் சீடராக இருந்தும், அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவர். அவர் சொல்லி முடித்த உடனே சேவல் கூவியது என்று வேதத்தில் இருக்கிறது. நான் கூடையைப் பார்த்தேன். அதன் காலைத்தான் கட்டியிருந்தார்கள், வாயைக் கட்டவில்லை. ஆனாலும் அது கூவவில்லை. என் சேலைக் கரையைக் கொத்திக்கொண்டிருந்தது.

ஒன்பது நாற்பதுக்குப் பென்னாகரம். நாங்கள் குடியிருந்த தெருப்பக்கம் போகவில்லை. விடுதியில் விசாரித்தபோது ஹாஜிராம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஒகேனக்கல் ரோட்டில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்றார்கள். அங்கே புதிதாக இருந்த ஒரு பெண், ஸ்டெல்லாவை எடை போட்டுத் தரவா, முதல் குழந்தையா என்றாள். ஆமாம் என்றேன். இரண்டாவது தரம். அவன் பிறந்த அறைக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். கதவு வரைக்கும் போனேன். பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பத்தரைக்கு ஒகேனக்கல் பஸ். மூன்றாவது மைலில் புளியமரத்து ஸ்டாப் என்று சொல்லி ஏறினேன். வண்டி நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர்கள். என்னையும் அருவியில் கொண்டுபோய்த்தான் விடுவார்கள் என்று தோன்றிப் படிக்கட்டருகிலேயே நின்றேன். நடத்துனர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை, "ஏங்க, உங்கள வுட்டுட்டுப் போயிட மாட்டன், கொழந்தையோட ஒக்காருங்க," என்றார். சொன்னபடியே புளியமரத்தில் விசில் அடித்து, வண்டி முழுதாக நிற்கும் வரை காத்திருந்து இறக்கிவிட்டார். அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அங்கிருந்து இரண்டு பர்லாங்கு மண்பாதை. வழியில் ஸ்டெல்லா தண்ணீருக்கு அழுதாள். பிளாஸ்கைத் திறந்தால் உள்ளே கலகல என்று சத்தம். பஸ் குலுக்கலில் கண்ணாடி உடைந்திருந்தது. அத்தனையையும் வேலியோரம் கொட்டினேன். காலை நாலு மணிக்கு எழுந்து காய்ச்சிய தண்ணீர்.

ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் துணித் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். தங்கையின் கணவர், சந்தைக்குச் சந்தை துணி விற்கிறவர். மரியாதையாக எழுந்து கட்டிலை எனக்கு விட்டார். உள்ளேயிருந்து ஹாஜிராம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கனத்த கைகள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். நான் யார் என்று முதலில் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார். வெளியாள் போலக் கேட்டால் உண்மை வரும். ஆகையால் அவர் குழந்தையைப் பார்த்து, "இதுதான் மொதலா?" என்று கேட்டபோது ஆமாம் என்றேன். மூன்றாவது தரம்.

பிறகு கேட்டேன். நீங்கள் விடுதியில் இருந்தபோது, பிழைக்காத கிறிஸ்தவக் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றி எங்கள் செபத்தைச் சொல்லுவீர்களாமே, உண்மையா என்று, கோர்ட்டில் கேட்பது போல, அந்தப் பெரியவருக்கு எதிரிலேயே கேட்டேன்.

துணி மடித்த கை நின்றது. ஹாஜிராம்மா என் முகத்தையே பார்த்தார்.

"நானா? நான் எதுக்கும்மா அதெல்லாம் பண்ணப்போறேன். கூட்டிப் பெருக்கறது, துணி அலசறது, அதுதான் என் வேல. யாரு சொன்னா உனக்கு?"

நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். என் நாத்தனார் சொன்னது சரி. உபதேசியார் இரக்கப்பட்டிருக்கிறார். இதை அறியத்தானே வந்தேன், அறிந்தாயிற்று, எழுந்து போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஸ்டெல்லா வறண்ட தொண்டையோடு அழ ஆரம்பித்தாள்.

"புள்ளைக்கு நாக்கு காஞ்சிருக்குது. உள்ள வா," என்று ஹாஜிராம்மா குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தார். கேட்டு வாங்கவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குப் பின்னால் கூரை வேய்ந்த சமையல் கட்டு. அடுப்பருகில் மூடிய பானை. காய்ச்சினதுதான் என்றார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் காய்ச்சினதா இல்லையா என்று பார்த்தால் தெரியுமா? பார்த்தேன். நான் பாலாடையை எடுக்கப் பையைத் துழாவியபோது கைக்குட்டை அவிழ்ந்து சீசா அவர் காலடியில் உருண்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னா மருந்து இது?"

நான் அழுதுவிட்டேன். திட்டம் எல்லாம் போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் எட்டாம் மாசத்தில் வந்தவள் நான்தான், இது என் முதல் குழந்தை இல்லை, அந்தச் சீசாவில் தீர்த்தம் அப்படியே இருக்கிறது, உபதேசியார் சொன்னது பொய்யா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சமையல் கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் குந்தினார்.

"ஏம்மா, படிச்சவதானே நீ. அவரு ஒக்காந்திருக்கறப்ப என்னக் கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? அஞ்சு வேள தொழுவறவரு. இந்த வூட்டுலதான் நான் சோறு திங்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊத்துனேன், கண்ணு. உன் புள்ளைக்கு ஊத்துனேன்," என்றார்.

கேட்டதும் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த சந்தேகம்தான் வந்தது. வாசலில் இல்லை என்றவர், நான் அழுத பிறகு ஆமாம் என்கிறார். இதுவும் ஆறுதல்தானோ? விவரம் எல்லாவற்றையும் நானே வாயால் சொல்லிவிட்டேனே, இனி எதை வைத்துச் சோதிப்பது? ஆனாலும் கேட்டேன். என்ன சொன்னீர்கள், எப்படி ஊற்றினீர்கள்?

சின்ன வயதில் சேலம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாராம். அங்கே எல்லா ஆயாக்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்களாம். மூன்று தரம் ஊற்ற வேண்டும், முடியில் மட்டும் பட்டால் போதாது, தலைத் தோலில் பட்டு வழிய வேண்டும். சொல்ல வேண்டியதையும் சொல்லிக் காட்டினார். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்றார். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, பரிசுத்த ஆவி என்றுதான் சொல்கிறோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சொன்ன பழைய சொல் அது.

கேட்கக் கூடாததையும் கேட்டேன். நீங்கள் நம்பாததை நீங்கள் சொன்னால் செல்லுமா, சுதன் என்று உங்களால் மனசாரச் சொல்ல முடியுமா?

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். பாலாடையில் இருந்த மிச்சத் தண்ணீரை ஸ்டெல்லாவின் வாயில் சாய்த்துக்கொண்டே, "தபால்காரரு கடுதாசியப் பிரிச்சா படிக்கறாரு? உங்க புள்ள, உங்க சாமி. இடையில நான் கொண்டுபோயிக் குடுத்தேன். வேண்டியவங்களுக்குப் போயிச் சேரணும்னுதான் குடுத்தேன்," என்றார்.

ஞானோபதேசப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் இப்படிச் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, நம்புவது வேறு.

"எந்தத் தண்ணிங்க?" என்றேன்.

"எந்தத் தண்ணின்னா?"

"தீர்த்தம் இல்ல. அப்ப எந்தத் தண்ணி?"

"புள்ளையக் கழுவறதுக்கு வெச்சிருந்த தண்ணிதான். அடுப்புல வென்னீர் தளதளன்னு கொதிச்சிட்டிருந்தது. தொட்டியில பச்சத் தண்ணி, மழ பேஞ்சி ஐஸாட்டம் கெடந்தது. அத ஊத்துனா புள்ள நடுங்கிப்பூடும். அதனால ஒரு சொம்புல ரெண்டையும் வெளாவி, முழங்கையில வெச்சிப் பாத்துட்டு ஊத்துனேன்."

முழங்கையைச் சொல்லும்போது அவர் முழங்கையை மடக்கிக் காட்டினார். கை தானாக மடங்கியது.

இன்னும் சில நிமிஷத்தில் போய்விடப் போகிற குழந்தை. அவசரம். சொல்ல வேண்டியதை மறக்காமல் சொல்ல வேண்டும். தாய் ஒரு பக்கம் நினைவில்லாமல் கிடக்கிறாள். கூட ஆள் இல்லை. அந்த நேரத்தில், தண்ணீர் சுடுமோ, குளிருமோ என்று பார்த்திருக்கிறார். இதைப் பொய்யாகச் சொல்ல வேண்டுமென்று யாருக்காவது தோன்றுமா? எனக்குத் தோன்றியிருக்காது.

"வரிசையா சொன்னேனான்னு கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் அவரே. "அவசரத்துல சொன்னது. ஆனா மூணு பேரையும் சொன்னேன்." பிறகு, "உன் வூட்டுக்காரரு நல்லா இருக்காரா? அன்னைக்கிப் பூரா மழையில சைக்கிளப் புடிச்சிக்கிட்டே நின்னாரு. செவுத்துல சாத்திட்டு உள்ள வாங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். வரவேயில்ல. புள்ள போயிட்டான்னு சொன்னப்பறம்தான் சைக்கிள வுட்டாரு. கீழ வுழுந்துது," என்றார்.

இது எனக்குத் தெரியாத செய்தி. என் கணவர் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. இதை வீட்டில் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று மனதில் முடிந்துகொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் புத்தி போயிற்று.

புறப்படும்போது அவர் சீசாவை என் பையில் வைத்து, "இதப் புள்ளைக்குக் குடுத்துடாத. மூணு வருசத்துத் தண்ணி, வவுத்துக்கு ஆவாது," என்றார். வாசலில் பெரியவர் ஸ்டெல்லாவுக்கு ஒரு பூப்போட்ட துண்டுத் துணி கொடுத்தார். அதை வாங்கலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் அவள் அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு எதிர் வண்டி கிடைத்தது. பென்னாகரத்தில் இறங்கிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். வேலிக்கு உள்ளே, வடக்கு மூலையில், மூன்றாவது மேடு. மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பிடுங்கினேன். ஸ்டெல்லா ஈர மண்ணைப் பிசைந்தாள். தடுக்கவில்லை.

மூன்று பத்துக்குத் தருமபுரி வண்டி. பக்கத்தில் இந்த முறை கடலை மூட்டையோடு ஒரு தம்பதி. அந்த அம்மாள் கேட்காமல் இருப்பாரா? மேச்சேரி முறுக்கு ஒன்றை ஸ்டெல்லாவின் கையில் திணித்துவிட்டு, "மொத புள்ளையா கண்ணு?" என்றார்.

"இல்லைங்க, ரெண்டாவது. மூத்தவன் பையன்."

"அட, அவன எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் காலையில் மூன்று தரமும் ஆமாம் என்று சொன்னேன்.

"பென்னாகரத்துல இருக்கானுங்க," என்றேன். "பாத்துட்டுத்தான் வர்றேன்."

நல்ல எடம்தான், காத்தோட்டமான ஊரு, என்றார் அவர். ஆமாம் என்றேன்.

ஆறரைக்குக் கம்பைநல்லூர். கணவர் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளோடு நின்றிருந்தார். ஹாஜிராம்மாவைப் பார்த்ததாக மட்டும் சொன்னேன். பாதி தூரம் நடந்த பிறகு, வேறு எதையோ கேட்பது போல, அன்றைக்குச் சைக்கிளை எங்கே நிறுத்தியிருந்தீர்கள் என்று கேட்டேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"நிறுத்தலை. கையிலதான் புடிச்சிட்டு நின்னேன்," என்றார். சற்றுத் தூரம் போனதும், "விட்டா விழுந்துடும்னு தோணிச்சு," என்றார்.

அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன் ஸ்டெல்லாவைக் குளிப்பாட்ட வேண்டும். மாமியாரிடம் தோழி இல்லை, ஆயா என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சீசாவை வாங்கித் துடைத்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மெழுகு அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.

எங்கள் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டி கல்லால் ஆனது. ஸ்டெல்லாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது தை மாதக் காலை. சுவாமியார் முறை தவறாமல், வரிசை மாறாமல், மந்திரித்த தண்ணீரை ஊற்றினார். பனித் தண்ணீர். அவள் வீறிட்டு அழுதது தெருவுக்கே கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவளுடைய அண்ணன் அழவில்லை என்று ஹாஜிராம்மா சொன்னார். தண்ணீர் பட்டதும் கண்ணைத் திறந்தானாம். அது மட்டும் அவர் ஆறுதலுக்காகச் சொன்னதாக இருக்கலாம். அதைச் சோதிக்க எனக்கு வழியில்லை.

முற்றத்தில் பலகை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைப் போட்டுக்கொண்டேன். மாமியார் தவலையிலிருந்து வெந்நீர் மொண்டு வாளியில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி முழங்கையை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடாகத் தெரிந்தது. இன்னும் அரைச் செம்பு விட்டு மறுபடியும் பார்த்தேன். பத்து மாதமாகத் தினமும் இப்படித்தான் இரண்டு தரம், மூன்று தரம் பார்க்கிறேன். மாமியார் எப்போதும் போல, "போதும், ஊத்து, கோயிலுக்கு நேரமாவுது," என்றார்.

ஊற்றினேன்.